எட்டினுள் அடங்காத செவி

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தையைப் பெற்ற தாய்தந்தையர் போடிநாயக்கனூரிலிருந்து மருத்துவரைத் தேடிச் செல்லும்போது மூன்று கேள்விகளைச் சுமந்து செல்கின்றனர். ஆபரேஷன் செய்தால் காது கேட்குமா என்பது முதலாவது. கேட்டால் பேச்சு வருமா என்பது இரண்டாவது. வரும் பேச்சு தெளிவாக இருக்குமா என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு இக்காலத்து வைத்தியம் பெரும்பாலும் ஆம் என்றே விடை பகர்கிறது. இரண்டாவதற்கு, எத்தனை வயதில் கருவி பொருத்தப்பட்டது, வீட்டில் எவ்வளவு பேசுகிறார்கள் என்னும் நிபந்தனைகளோடு கூடிய ஒரு விடை உண்டு. மூன்றாவது கேள்வி எழும்போதோ மருத்துவர் கோப்பைப் புரட்டுகிறார். பயிற்சி ஆசிரியை, போகப் போகப் பார்ப்போம் என்கிறார். அவர்கள் மழுப்புகின்றனர் என்று குறை கூறுவதற்கில்லை. அக்கேள்வி வைத்திய சாஸ்திரத்தின் எல்லையைக் கடந்து தத்துவ விசாரத்தின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டது. தெளிவு என்பது பேசுகிறவனைச் சார்ந்த குணமா, கேட்கிறவனைச் சார்ந்த குணமா என்று நிச்சயியாமல் அதற்கு விடை சொல்லுதல் எவர்க்கும் இயலாது.

மலையடிவாரத்து ஊராகிய போடியிலிருந்து, கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காடுகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. ஏலச்செடியின் காய் தலைக்கு மேலே தொங்குவதன்று. செடியின் அடியில் மண்ணோடு மண்ணாகப் படரும் சரத்தில் காய்ப்பது. ஆகையால் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும், பழுத்ததை மட்டும் விரலால் தெரிந்தெடுக்கும் அவ்வேலையை முடித்து, அந்தி சாய்ந்தபின் தாய் வீடு திரும்பும்வரை, குழந்தையோடு பேசவும் அதன் பேச்சைக் கேட்கவும் வீட்டில் இருப்பவள் பாட்டியே. இந்த விவரத்தை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும். மலையின் இந்தப் பக்கம் ஓர் அரசாங்கம், அந்தப் பக்கம் மற்றோர் அரசாங்கம். தமிழ்நாட்டில், 2012-ஆம் ஆண்டு தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிக்கருவி பொருத்தும் இவ்வறுவைச் சிகிச்சை செலவின்றிச் செய்யப்படுகிறது. கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் என்ற திட்டம் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதையே செய்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கத்தில் சிகிச்சை என்பதை ரேஷன் கார்டு தீர்மானிக்கிறது.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் அக்கருவி செவியைக் குணப்படுத்துவதன்று என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நம் உட்செவியில் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்னும் எலும்புக் குழலினுள், ஒலியை நரம்புக்கு ஒப்படைக்கும் உள்மயிரணுக்கள் ஏறத்தாழ 3,500 உள்ளன. இவை பழுதுற்றுப் பிறந்த குழந்தைக்கு, அவற்றின் வேலையைச் செய்யுமாறு மெல்லிய கம்பியொன்றை அச்சுருளுக்குள் செலுத்துகின்றனர். அக்கம்பியில் உள்ள மின்முனைகள், கருவிக்குத் தக்கபடி, 12 முதல் 22 வரை. காதின் பின்புறம் மாட்டிய ப்ராசஸர் ஒலியை வாங்கிப் பகுத்துத் தலைத்தோலின்மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் காயில் வழியாக உள்ளே அனுப்ப, மின்முனைகள் நரம்பை நேரே தூண்டுகின்றன. பாரிஸ் நகரத்தில் ஜூர்னோ, ஐரியே என்னும் இருவர் 1957-இல் முதன்முதலாகச் செய்து பார்த்த இப்பிரயோகம், லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஹவுஸ், மெல்பர்னில் கிரேம் கிளார்க், வியன்னாவில் ஹோக்மையர் தம்பதிகள் முதலியோர் கைப்பட்டு வளர்ந்து, சென்னை வழியாக நம் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்துள்ளது. ஆயினும் 3,500 வாயில்கள் வழியே புகவேண்டிய ஒலியுலகத்தை இருபத்திரண்டு வாயில்களுக்குள் புகுத்துவதென்றால், பெரும்பகுதி வெளியே நின்றுவிடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எது புகுகிறது, எது நின்றுவிடுகிறது என்பதில்தான் ஆச்சரியம் இருக்கிறது. ஒலியின் கால அளவு செவ்வையாக உள்ளே செல்கிறது; சுருதி பேதம் சரியாகச் செல்வதில்லை. ஆகவே படம், பாடம், பட்டம் என்னும் மூன்றையும் இக்கருவி வேறுபடுத்திக் காட்டவல்லது. ஏனெனில் குறிலையும் நெடிலையும் ஒற்று இரட்டித்தலையும் மாத்திரைக் கணக்கில் வைத்த மொழி நம்முடையது. வினாவையும் கூற்றையும் குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே பிரித்துணரவேண்டிய இடர்ப்பாடும் தமிழில் குறைவு. ஆ என்னும் இடைச்சொல் வந்து வினாவை வெளிப்படையாக்கி விடுகிறது. இந்த அளவில் தமிழ்க்குழந்தை பாக்கியசாலி. ஆனால் ல, ள, ழ என்பவையும், ன, ண என்பவையும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஒலிகள். அவற்றைப் பிறப்பிக்கும் நாவின் வளைவு வாய்க்குள்ளே மறைந்திருப்பதால் கண்ணாலும் கண்டு கற்க முடியாது. இங்கேதான் குழந்தையின் உச்சாரணம் தடுமாறுகிறது.

போடியில் ஒரு வீட்டுத் திண்ணையில், கருவி பொருத்திய ஒரு பெண்குழந்தைக்குத் தரும் செவிப்பயிற்சியைக் கிட்ட இருந்து பார்த்தேன். அம்மாச்சி முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்த காயை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அன்று தோட்டத்துக்குப் போகாத தாய், முந்தானையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்னும் ஆறு ஒலிகளை முன்பின்னாக மாற்றி மாற்றிச் சொன்னாள். டேனியல் லிங் என்னும் ஆசிரியர் வகுத்த இந்த ஆறொலிச் சோதனை, உலகம் முழுவதும் கருவி அணிந்த குழந்தைகளுக்குத் தினந்தோறும் செய்யப்படுவது. உதடு தெரிந்தால் கண் கேட்டுவிடும் என்பதற்காகவே வாயை மறைப்பது. ஒவ்வோர் ஒலி கேட்டதும் அந்தப் பெண்குழந்தை முறத்திலிருந்து ஒரு காயை எடுத்துப் பித்தளைச் செம்பில் போட்டது. ஷ், ஸ் என்பவற்றுக்கு உடனே போட்டது. ம் என்பதற்குச் சற்றே தயங்கிப் போட்டது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து இரண்டு அசை கொண்ட ஒரு சொல்லைச் சொல்லிற்று. நான் விழித்தேன். "சடை பின்னி விடச் சொல்றா, காயில் நழுவுதுல்ல" என்று அம்மாச்சி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

ஒரே சொல், ஒரே கணத்தில், என் செவிக்குப் பொருளற்ற ஓசையாகவும் அவள் செவிக்குப் பொருள் நிறைந்த வாக்காகவும் ஆயிற்றே. அச்சொல் தெளிவானதா, தெளிவற்றதா?

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் உற்பத்தியைச் சொல்லும்போது, உந்தியிலிருந்து எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களில் உற்று வேறுவேறு எழுத்தாகப் பிறப்பதாக வகுத்தார். பேசும் உடம்பை இவ்வளவு நுட்பமாகக் கண்ட அப்பெரியார் கணக்கில் செவி இடம்பெறவில்லை. செவி கேட்காமற் போனால் அந்த எட்டு உறுப்புகளும் பழுதின்றி இருந்தும் ஒன்றுக்கும் தன் தொழில் தெரிவதில்லை என்பதை, ஊமை என்று நாம் அநியாயமாகப் பெயரிட்ட ஒவ்வொரு குழந்தையும் மெய்ப்பிக்கிறது. இதனை ஆசிரியரின் குறையாக நான் கருதவில்லை. அவர் அவ்வியலின் இறுதியில், உள்ளே எழுந்து திரியும் காற்றின் இசை மறைநூலுக்கு உரிய விஷயம் என்று ஒதுக்கி, வெளியே புறப்பட்டுப் பொருள் தரும் ஓசையை மட்டுமே தாம் எடுத்துக்கொண்டதாகத் தம் எல்லையைத் தாமே வரைந்துவிட்டார். அவர் ஒதுக்கியதைச் சித்தாந்த சைவர் கையில் எடுத்தனர்.

சித்தாந்தத்தில் வாக்கு நான்கு வகைப்படும். சூக்குமை என்பது நாத வடிவாய் அறிவுக்கு மூலமாய் நிற்பது. பைசந்தி என்பது, மயில் முட்டையின் நீரினுள் தோகையின் பல வர்ணங்களும் பிரிவறியாமல் அடங்கிக் கிடப்பதுபோல, எழுத்துகள் வேறுபடாமல் ஒடுங்கி நிற்பது. மத்திமை என்பது, எழுத்துகள் வரிசைப்பட்டு உருப்பெற்றும், வெளியே ஒலிக்காமல் உள்ளத்துக்குள்ளே நிற்பது. வைகரி என்பது செவிக்குக் கேட்பதாய்ப் பொருளைத் தருவது. அதிலும் தன் செவிக்கு மாத்திரம் புலனாவது, பிறர் செவிக்கும் புலனாவதாகிய தூல வைகரி என்று இரண்டு நிலைகளை உரைகாரர் பிரித்தனர். இலக்கணக்காரரின் எட்டில் அடங்காத செவி இங்கே இலட்சணத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டதைக் காண்க. பிறர் செவியைச் சேர்ந்தாலன்றித் தூல வைகரி என்ற பெயரே அவ்வாக்குக்குக் கிடையாது. நம் திண்ணைக் குழந்தைக்கு மத்திமை வரை எல்லாம் நிறைவாக இருக்கிறது. சடை என்பதும் அறியும், காயில் நழுவுவதும் அறியும், பின்னிவிடுவார் யார் என்பதும் அறியும். குறை நேர்வது கடைசிப் படியில். அப்படியில் குழந்தை ஒரு காலையும் கேட்பவர் ஒரு காலையும் ஊன்றி நிற்கின்றனர்.

இது வெறும் வேதாந்தப் பேச்சு என்று எண்ணுவார், மேல்நாட்டு மருத்துவரே வகுத்த ஓர் அளவுகோலைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து வைத்தியர்கள், கருவி பொருத்திய குழந்தைகளின் பேச்சுத் தெளிவை ஐந்து படிகளாக வகுத்தனர். இன்று பல நாடுகளிலும் இதுவே வழக்கில் உள்ளது. முதற்படியில் சொல்லே உருப்பெறவில்லை. இரண்டாம் படியில் தொடர்ந்த பேச்சு புரிவதில்லை. தனிச்சொற்கள் சில தலைகாட்டுகின்றன. மூன்றாம் படி, உதட்டைப் பார்த்துக்கொண்டு உன்னிப்பாகக் கேட்பவருக்குப் புரிவது. நான்காம் படி, செவிடர் பேச்சைச் சிறிது கேட்டுப் பழகியவருக்குப் புரிவது. ஐந்தாம் படி, எல்லோருக்கும் எளிதிற் புரிவது. மூன்று முதல் ஐந்து வரையுள்ள படிகள் குழந்தையின் நாவைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கேட்பவரின் சிரத்தையையும் பழக்கத்தையுமே வருணித்துப் போவதை நான் முதன்முதல் படித்தபோது, சைவ உரைகாரர் ஒருவர் எவரும் அறியாமல் அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாரோ என்று தோன்றிற்று. கோப்பில் மூன்று என்று குறிக்கப்பட்ட குழந்தை, அம்மாச்சியின் முன்னால் ஐந்து. பஸ் கண்டக்டரின் முன்னால் இரண்டு.

இத்தகைய குழந்தையைப் பெற்ற போடி மக்கள் சுப்பிரமணிய சுவாமி சந்நிதியில் நேர்ந்துகொள்ளும்போது நினைவில் வருபவர் குமரகுருபரர். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயது வரை பேசாதிருந்து, பெற்றோர் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று கிடந்த தவத்தால் முருகன் அருள்பெற்று, எடுத்த எடுப்பிலே கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது அவர் சரித்திரம். இந்தச் சரித்திரம் தாய்மார்க்குத் தரும் தைரியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதில் இடைக்காலம் என்பதே இல்லை. மௌனத்துக்கும் பிரபந்தத்துக்கும் நடுவே ஒரு மழலையேனும் இல்லை. கருவி பெற்ற குழந்தைக்கோ எல்லாம் இடைக்காலமே. அறுவை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் செய்யும் நாளில், அது முருகா என்று பாடுவதில்லை. பெரும்பாலும் திடுக்கிட்டு அழுகிறது. அன்றுதான் அதன் செவிக்குப் பிறந்தநாள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கேட்கும் வயது ஒரு நாள். அதற்குப் பிறகு, கருவியைக் குழந்தைக்குத் தக்கபடி சரிசெய்யும் மேப்பிங், தெரபி என்று ஆண்டுகள் செல்கின்றன. மூன்றரை வயதுக்குள் ஒலி சென்று சேர்ந்தால் மூளை அதை வாங்கிக்கொள்ளும் திறம் மிகுதி. ஏழு வயதைத் தாண்டினால் அத்திறம் வெகுவாகக் குன்றிவிடும். அருள் ஒரு கணத்தில் இறங்கினால்தான் அருள் என்று எண்ணப் பழகியவர்கள், அது காலை மாலை அப்பியாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது அடையாளம் காணத் தவறிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பேசவில்லை என்று கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாரும் உளர்.

அச்சரித்திரத்தின் பிற்பகுதியை நம்மவர் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. முருகன் அருளால் வாக்குப் பெற்ற அதே குமரகுருபரர் காசிக்குச் சென்று முகலாய அதிகாரியின் சபையில் நின்றபோது, அவர் தமிழ் அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளை வேண்டி, கேட்பவர் மொழியாகிய இந்துஸ்தானியைப் பெற்றபின்பே அவர் பேச்சு அங்கே பேச்சாயிற்று. தெய்வமே தந்த வாக்கும் செவி மாறினால் ஊமையாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரமாணம் வேண்டுமா?

பழம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கூடத்துப் படஅட்டையைக் காட்டி ஆசிரியை ழகரத்தைத் திருத்தமாக ஒலிக்கிறார். குழந்தை பளம் என்றால் பிழைக்குறி இடுகிறார். அக்குழந்தை வீடு திரும்பியதும், அம்மாச்சி பளம் திங்கிறியா என்கிறாள். பக்கத்து வீட்டில் மளை வரப்போகுது என்கிறார்கள். மதுரை, தேனிச் சீமையில் ழகரம் அநேகமாக ளகரத்தில் கரைந்துவிட்டது. மலைமேல் தோட்டத்து லயங்களில் தங்கும் குழந்தை மலையாளத்தையும், ஜார்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்த தொழிலாளரின் இந்தியையும் சேர்த்துக் கேட்கிறது. ஊரே பளம் என்னும்போது, கருவி அணிந்த குழந்தை பளம் என்பது கருவியின் தோல்வியா, வெற்றியா? தன் ஊர் ஒலியை அது பிசகாமல் வாங்கிக்கொண்டது என்றே நான் சொல்வேன்.

நம் சம்பிரதாயம் இவ்விஷயத்தில் இரண்டு மனம் கொண்டது. ஒரு பக்கம், துவஷ்டா இந்திரனைக் கொல்லும் புத்திரனை வேண்டி யாகம் செய்தபோது ஒரு சொல்லின் சுவரம் பிறழ்ந்ததால், அம்மகனே இந்திரன் கையால் மாண்டான் என்னும் கதையைச் சொல்லி, உச்சாரணப் பிழையை உயிர்க்கொலைக்குச் சமமாக்கிச் சிக்ஷை நூலார் பயமுறுத்துகின்றனர். மறுபக்கம், ஆலின்கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தி ஒலியே இன்றிக் கைவிரலை மடக்கி ஞானோபதேசம் செய்ய, சனகாதியர் நால்வரும் ஐயம் நீங்கினர் என்று சிவாலயந்தோறும் தெற்குச் சுவரில் கல்லிலே வடித்து வைத்திருக்கிறோம். செவிப்பயிற்சி முறைகளில் சில, குழந்தை கைச்சைகை காட்டுவதையே தடுக்கின்றன. கை பேசினால் வாய் சோம்பிவிடும் என்பது அவர்கள் வாதம். தெற்குச் சுவரைத் தினமும் வலம்வரும் நாம் அந்தத் தடையை அவ்வளவு எளிதாக ஏற்கலாகாது. இருட்டில், குளிக்கையில், மலைமழையில் நனைந்த ப்ராசஸரை உலர்பெட்டியில் வைத்திருக்கும் இரவில், அக்குழந்தை முன்போலவே கேளாத குழந்தைதான். அப்போது அதனோடு பேசக் கையை விட்டால் வேறு வழியில்லை.

யார் செய்த பாவமோ என்று தாயின் காதுபடச் சொல்லும் உறவினரைப்பற்றி ஒரு வார்த்தை. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள நாட்டில், காது கேட்கும் தாயிடமும் தந்தையிடமும் மறைந்து கிடந்த ஒரே மரபுக்குறை குழந்தையிடம் இரட்டித்து வெளிப்படுவதுண்டு. கருவுற்ற தொடக்கத்தில் தாயைத் தாக்கிய ரூபெல்லா ஜுரமும் காரணமாவதுண்டு. வினைக் கொள்கையைப் பேசுவோர் முழுவதும் பேசவேண்டும்: உயிர் தன் இருள் நீங்கும்பொருட்டுத் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றை இறைவனே கருணையால் கொடுக்கிறான் என்பது சித்தாந்தம். கண்ணும் காதும் கொடுக்கப்பட்ட கரணம் என்றால், காந்தத்தால் ஒட்டி நிற்கும் இந்தக் காயிலும் அவ்வரிசையில் ஒன்றுதானே?

பேச்சுத் தெளிவை அளப்பதற்கு மற்றொரு முறையும் உண்டு. குழந்தையின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, கேட்பவர்களிடம் போட்டுக்காட்டி, எத்தனை சொற்களைச் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுவர். பழகிய செவி பழகாத செவியைவிட அதிகச் சொற்களைப் பிடிக்கிறது என்பது இவ்வாறு அளந்து காணப்பட்ட உண்மை. அப்படியாயின், பயிற்சி நேரம் முழுவதையும் குழந்தையின் நாவுக்கே செலவழிப்பானேன்? அது சேரப்போகும் பள்ளியின் ஆசிரியருக்கும், முதல் பெஞ்சில் உடன் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். முகத்தை நேரே காட்டிப் பேசுவது, ஒரே சமயத்தில் இருவர் பேசாதிருப்பது, புரியாத சொல்லைப் புரிந்ததுபோல் தலையாட்டித் தள்ளிவிடாமல் மறுபடி கேட்பது, விடைக்குச் சற்றே காத்திருப்பது ஆகிய இவற்றைக் கற்க ஒரு மணி போதும். அவ்வகுப்பை நடத்தத் தகுந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், பட்டம் பெற்றவர்களை விட்டுவிட்டு, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சடை என்று கண்டுகொண்ட அந்த அம்மாச்சியைத்தான் சொல்வேன்; ஜூன் மாதத்தில் காய் எடுப்பு மும்முரமாவதில்லை ஆதலால் அவளுக்கு ஒழிவும் இருக்கும்.